நாற்காலிக் கையில் ஒரு சாம்பல் கிண்ணம்

வரலாறு என்றாலே அரசர், போர், கல்வெட்டு என்று நினைக்கிற பழக்கம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. கோயில் கட்டடக் கலை பற்றியும் சங்க காலத் துறைமுகங்கள் பற்றியும் அறிஞர் பெருமக்கள் எழுதுகிற மலரில், ஆஷ்ட்ரேயைப் பற்றி ஒரு கட்டுரையா, இதுக்குப் போய் இத்தனை பக்கமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன். இதற்குள் தீ இருக்கிறது, உயிர்ச்சேதம் இருக்கிறது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கிறது.

மேசைமேல் வைக்கிற கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. நாற்காலியின் கையிலோ சோஃபாவின் பக்கத்திலோ மேசை விளிம்பிலோ ஒரு பிடியால் இறுக்கி, வேண்டும்போது கைப்பக்கம் இழுத்துக்கொள்ளவும், வேண்டாதபோது ஒரு தள்ளு தள்ளினால் சுழன்று ஒதுங்கிக்கொள்ளவும் செய்திருந்த ஆஷ்ட்ரேதான் இங்கே பேச்சு. இன்றைய பிள்ளைகள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். மும்பையில் மட்டன் தெருவுக்குப் போனால், அதாவது சோர் பஜாரில், இப்போதும் பித்தளையிலும் குரோமியப் பூச்சிலும் ஒன்றிரண்டு கண்ணில் படும். குஜராத்தில் அலங் கடற்கரையில் பழைய கப்பல்களை உடைக்கிறார்களே, அந்தக் கப்பல்களின் மேசை நாற்காலிகளை விற்கும் கடைகளிலும் கிடைக்கும்.

இந்தச் சிறு கருவியை வைத்து நான் கேட்க நினைப்பது ஒரே கேள்வி. ஒருவர் புகைக்கிறார், சாம்பல் விழுகிறது. அந்தச் சாம்பலுக்கும் அதற்குள் இருக்கிற நெருப்புக்கும் யார் பொறுப்பு? புகைத்தவரா, பக்கத்தில் நிற்கும் வேலையாளா, உட்கார்ந்திருக்கும் நாற்காலியா, சிகரெட் செய்து விற்றவரா? கடந்த நானூறு ஆண்டுகளில் இதற்குக் காலத்துக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் வேலையாள். புகையிலை நம் நாட்டுக்குள் போர்த்துகீசியர் வழியாக வந்தது. பிஜப்பூர் போய்த் திரும்பிய அசத் பேக் என்ற அதிகாரி 1604-05 வாக்கில் அக்பருக்குப் புகையிலையையும் மணி பதித்த புகைக்குழலையும் கொண்டுவந்து கொடுத்ததாகத் தாமே எழுதி வைத்திருக்கிறார். அரண்மனை வைத்தியர் வேண்டாம் என்று தடுத்தாராம். 1617-ல் ஜஹாங்கீர் புகையிலைக்குத் தடையே போட்டார். தடை நிற்கவில்லை, ஹூக்கா நின்றது.

ஹூக்காவுக்கு ஆஷ்ட்ரே தேவையில்லை. நெருப்பு மேலே உள்ள சில்லத்தில் இருக்கிறது, சாம்பலும் அங்கேயே தங்குகிறது. ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அவர்தான் ஹூக்காபர்தார். கரி மூட்டுவது, தண்ணீர் மாற்றுவது, சில்லத்தைக் கொட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. 1779-ல் கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதியர் அனுப்பிய ஒரு விருந்தழைப்பில், விருந்தினர் தங்கள் வேலையாட்களை அழைத்து வர வேண்டாம், ஹூக்காபர்தார் மட்டும் வரலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சமையல்காரன் இல்லாமல் இருக்கலாம், குடை பிடிப்பவன் இல்லாமல் இருக்கலாம், இவர் இல்லாமல் முடியாது! ஹூக்காவின் அடியில் விரிக்கவென்றே தனியாகச் சிறு விரிப்புகள் நெய்தார்கள். பொறி விழுந்தால் பெரிய கம்பளம் தப்ப வேண்டும் அல்லவா? அறையில் உள்ள சாமான்களை நெருப்பிலிருந்து காப்பாற்றும் யோசனை அந்த விரிப்பிலேயே தொடங்கிவிட்டது.

அடுத்து வந்தது சுருட்டு. இங்கே நம் தமிழ் மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் வரை பேர் போனது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டுத் தொழிற்சாலையே வைத்திருந்தது. கோனன் டாயில் 1887-ல் வெளியிட்ட ஷெர்லக் ஹோம்ஸ் முதல் நாவலில், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலை வைத்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுகிறார். பலவகைப் புகையிலைச் சாம்பல்களைப் பற்றித் தனி நூலே எழுதியிருப்பதாகவும் அவர் பெருமை பேசுவார். கதைதான் என்றாலும் அதில் ஒரு காலத்தின் பழக்கம் பதிவாகியிருக்கிறது. அன்றைக்குச் சாம்பல் தரையில்தான் விழுந்தது. கொலைகாரன் ஆஷ்ட்ரே தேடவில்லை.

சுருட்டுச் சாம்பலுக்கும் சிகரெட் சாம்பலுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். சுருட்டு முழு இலையைச் சுற்றிச் செய்வது. அதன் சாம்பல் கெட்டியாக ஒரு அங்குலம்கூட உதிராமல் நிற்கும். புகைப்பவர் தாமே பார்த்து நிதானமாகத் தட்டலாம். சிகரெட் அப்படி இல்லை. நறுக்கிய தூளை மெல்லிய காகிதத்தில் அடைத்தது. ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை தட்டியே தீரவேண்டும், தட்டாவிட்டால் தானே உதிரும். கையில் பிடிக்காமல் வைத்துவிட்டாலும் அது அணையாமல் கடைசிவரை எரிந்துகொண்டே இருக்கும். நம் பீடி இழுக்காமல் வைத்தால் அணைந்துவிடும், மறுபடி பற்ற வைக்கணும். இந்தக் குணத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிகரெட்டைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தவரை அது பணக்காரர் பண்டம். ஜேம்ஸ் பான்சாக் என்ற அமெரிக்க இளைஞர் 1881-ல் காப்புரிமை பெற்ற இயந்திரம் பத்து மணி நேரத்தில் ஏறக்குறைய 1,20,000 சிகரெட் சுற்றியது. தேர்ந்த கைகாரர் ஒருவர் ஒரு நாளில் சுற்றக்கூடியது மூவாயிரம் சொச்சம்தான். முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு ரேஷனோடு சிகரெட் கொடுத்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் பழக்கத்தையும் கொண்டு வந்தார்கள். நம் நாட்டில் 1910 ஆகஸ்ட் 24-ல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி பதிவானது. இன்றைய ஐ.டி.சி. அதுதான்.

ஆக 1920களில் மேல்நாட்டு வீடுகளில் ஒரு புதுச் சிக்கல். கூடத்தில் பஞ்சு அடைத்த மெத்தை நாற்காலிகள், தரையில் கம்பளம், எல்லார் கையிலும் நிமிடத்துக்கு நிமிடம் சாம்பல் உதிர்க்கும் சிகரெட். ஹூக்காபர்தார் மாதிரி பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது. முன்பு ஆண்கள் சுருட்டு பிடிக்கவென்று தனி அறை வைத்திருந்தார்கள். இப்போது பெண்களும் புகைக்கத் தொடங்கி, அந்த அறையின் சுவர் போய்விட்டது. பொறுப்பை எடுத்துக்கொள்ள மிச்சம் இருந்தது நாற்காலி ஒன்றுதான்.

அமெரிக்காவில் தச்சர்களும் தகர வேலைக்காரர்களும் இதற்காகப் போட்டி போட்டார்கள். நின்ற நிலையிலேயே எட்டும்படி உயரமான கம்பத்தில் ஆஷ்ட்ரே வந்தது. தோல் பட்டையின் இரு முனைகளிலும் கனமான குண்டுகளைத் தைத்து, நடுவில் கிண்ணம் பொருத்தி, சோஃபாக் கைமேல் குதிரைச் சேணம் போல் போட்டுக்கொள்ளும் வகை வந்தது. சீட்டாட்ட மேசைக்கு நான்கு மூலையிலும் இழுத்தால் வெளிவரும் கிண்ணங்கள் வந்தன. முடி திருத்தும் நிலையங்களின் பெரிய பீங்கான் நாற்காலிகளில் கைப்பிடிக்குள்ளேயே மூடியோடு ஆஷ்ட்ரே பதித்தார்கள். இந்த வரிசையில் வந்ததுதான் நம் கதாநாயகன், தள்ளினால் ஒதுங்கும் தாங்கி.

அதன் உறுப்புகள் நான்கே. பிடி, கைக்கம்பி, சுழல் ஆணி, கிண்ணம். கேட்க எளிது, செய்து பார்த்தால்தான் தலைவலி தெரியும். பிடி இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் மரத்தில் தழும்பு விழக்கூடாது. அதற்காக உள்பக்கம் கம்பளித் துணியோ தோலோ ஒட்டுவார்கள். சுழல் ஆணி லேசாகச் சுழன்றால் யாராவது மூச்சுவிட்டாலே கிண்ணம் நகர்ந்துவிடும். கனமாகச் சுழன்றால் தள்ளும்போது குலுங்கிச் சாம்பல் கொட்டும். நடுவே ஒரு வில் வளையம் போட்டு, வேண்டிய இடத்தில் நிற்கிற அளவுக்கு மட்டும் உராய்வு வைப்பார்கள். நல்ல வேலைக்காரர் செய்ததில் இரண்டு இடத்தில் சின்னதாக 'டக்' என்று நிற்கும். ஒன்று கைக்கு எதிரே, மற்றொன்று நாற்காலிக் கைக்கு அடியில்.

ஏன் ஒதுங்க வேண்டும் என்று கேட்கலாம். உட்கார்ந்தவர் எழுந்திருக்க வேண்டுமே! கிண்ணம் நிலையாக நீட்டிக்கொண்டிருந்தால் சட்டைக் கை மாட்டும், புடவைத் தலைப்பு மாட்டும். இடம் குறுகலான ரயில் பெட்டியிலும் கப்பல் அறையிலும் இது இன்னும் தொல்லை. சாய்ந்துகொள்ளும் நாற்காலியில் வேறொரு கஷ்டம். முதுகு சாயும்போது கையும் சாய்கிறது, கிண்ணமும் சாயும். ஆகவே ஊஞ்சல் போல் இரண்டு முளைகளில் தொங்கவிட்டு, நாற்காலி எப்படிச் சாய்ந்தாலும் கிண்ணம் தன் கனத்தாலேயே மட்டமாக நிற்கும்படி செய்தார்கள். கப்பலில் திசைகாட்டியைத் தொங்கவிடும் அதே தந்திரம்தான்.

இதில் மிக முக்கியமான இடம் கிண்ணத்தின் விளிம்பில் உள்ள வெட்டு. சிகரெட்டை அதில் வைத்துவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோகிறோம். அது எரிந்து குறையக் குறையக் கனம் வாய்ப்பக்கம் கூடுகிறது. வெட்டு ஆழமில்லாமல் இருந்தால் துண்டு வெளிப்பக்கமாகச் சரிந்து மெத்தைமேல் விழும். வெட்டைக் கிண்ணத்தின் உள்ளே தள்ளி அமைத்தால், எந்தப் பக்கம் சரிந்தாலும் கிண்ணத்துக்குள்ளேயே விழும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்தான், அதில் வீடு எரிவதும் எரியாததும் இருந்தது.

நம் நாட்டுச் சாமான் ஒன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. தோட்டத் துரைமார் பங்களாக்களில் இருந்த நீண்ட கை வைத்த ஈசி சேரை நம்மில் பலர் பார்த்திருப்போம். கைப்பலகைக்கு அடியில் இன்னொரு பலகை மறைந்திருக்கும். அது ஒற்றை ஆணியில் சுழன்று முன்னே நீளும், கால்களைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். வேலை முடிந்தால் மறுபடி அடியில் ஒதுங்கிவிடும். சிலவற்றில் கைப்பலகையில் கண்ணாடித் தம்ளர் வைக்க வட்டமாகத் துளையும் உண்டு. ஆஷ்ட்ரே தாங்கியின் வித்தை முழுக்க இதில் இருக்கிறது. அமெரிக்கக்காரர் நம்மைப் பார்த்துத்தான் செய்தார் என்று நான் மார்தட்ட வரவில்லை. ஒரே தேவைக்கு இரண்டு ஊர்த் தச்சர்கள் ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் நாற்காலியோடு சேர்ந்த ஆஷ்ட்ரே யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் ஒரு சமூக வரலாறே தெரியும். மேலதிகாரி அறையில் கனத்த கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். குமாஸ்தாவுக்கு வராந்தா. பியூனுக்கு மாடிப்படி. ஆனால் எல்லாக் கிண்ணத்தையும் காலையில் கழுவி வைப்பது அந்தப் பியூன்தான். மேல்நாட்டில் வேலையாள் இல்லாமல் நாற்காலி ஏற்ற பொறுப்பை நம் ஊரில் நாற்காலியும் வேலையாளும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பீடி குடிப்பவருக்கோ கொட்டாங்கச்சிதான், அதுவும் இல்லாவிட்டால் தரை. பெட்டிக்கடையில் முனை கனன்றபடி தொங்கிய தேங்காய் நார்க் கயிறு அவருக்குத் தீப்பெட்டி. திருநெல்வேலிப் பக்கத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் பீடி சுற்றிய பெண்களுக்காக எந்தத் தச்சரும் ஒரு நாற்காலி செய்யவில்லை, ஆஷ்ட்ரே எங்கே!

ரயிலில் கதை இன்னும் வேடிக்கை. 1890-ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டம், புகைப்பதற்கென்று ஒதுக்காத பெட்டியில் சக பயணிகளின் சம்மதம் இல்லாமல் புகைத்தால் 20 ரூபாய் வரை அபராதம் என்றது. அந்தக் காலத்து 20 ரூபாய்! 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 167-ஆம் பிரிவு, உடன் வருபவர் ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது, மீறினால் 100 ரூபாய் வரை அபராதம் என்று சொன்னது. சட்டம் இப்படி இருக்க, பெட்டியின் சுவரிலும் சன்னலோரச் சிறு மேசைக்கு அடியிலும் ரயில்வேயே ஆஷ்ட்ரேயைத் திருகி வைத்திருந்தது. தாதர்–மெட்ராஸ் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய் வந்த நம் குடும்பங்களுக்கு அதன் உபயோகம் வேறு. வேர்க்கடலைத் தோல், ஆரஞ்சுக் கொட்டை, பிள்ளைகள் துப்பிய சூயிங்கம் எல்லாம் அதற்குள்தான். எதிர் இருக்கைக்காரர் பற்ற வைத்தால், "சார், குழந்தை இருக்கு" என்று சொல்ல நம் அம்மாக்கள் தயங்கினார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. சுவரில் இருந்த தகரக் கிண்ணம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அது புகைப்பவர் பக்கம் பேசியது.

ஆகாயத்தில் ஆஷ்ட்ரே ஆடம்பரத்தின் உச்சிக்கே போனது. ஒவ்வொரு இருக்கையின் கைப்பிடியிலும் ஒரு சின்ன மூடிக் கிண்ணம். அதற்கு மேல் முதல் வகுப்புப் பயணிகளுக்குப் பரிசளிக்க, 1967-ல் நம் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஏர் இந்தியா, ஸ்பானிய ஓவியர் சால்வதோர் தாலியிடம் ஒரு ஆஷ்ட்ரே வடிவமைக்கச் சொன்னது. பிரான்சில் லிமோஷ் பீங்கானில் ஐந்நூறு அளவில் செய்தார்கள். நடுவில் சிப்பி, சுற்றிலும் பாம்பு, தாங்கி நிற்பது அன்னமும் யானைத் தலையும். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் அன்னம் யானையாகும், யானை அன்னமாகும். கூலியாகத் தாலி பணம் கேட்கவில்லை, யானைக்குட்டி கேட்டார். பெங்களூரிலிருந்து ஒரு குட்டி விமானத்தில் ஜெனீவா போய், அங்கிருந்து லாரியில் ஸ்பெயினின் கடாகேஸ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரே திருவிழாவாக வரவேற்றதாம். கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குட்டியிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி தீயின் பக்கம் வருவோம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நாற்காலியின் வயிறு மாறியது. 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் கண்டுபிடித்த பாலியூரித்தேன், 1950களில் மெத்தென்ற நுரையாகச் சோஃபாவுக்குள் புகுந்தது. நாம் 'ஃபோம்' என்கிறோமே அதுதான். பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே என்பார்கள் நம் பெரியவர்கள். பஞ்சாவது கனன்று கனன்று புகையும், நமக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். ஃபோம் பற்றிக்கொண்டால் சில நிமிடத்தில் அறை முழுவதும் தீயும் நச்சுப் புகையும். சோஃபாவின் இடுக்கில் இரவு விழுந்த சிகரெட் துண்டு, எல்லாரும் தூங்கிய பிறகு வீட்டைக் கொளுத்தியது. அமெரிக்க வீடுகளில் தீயால் நேர்ந்த மரணங்களுக்குப் பல்லாண்டுகள் முதன்மையான காரணமாக இருந்தது புகைப்பொருள்தான்.

இந்த இடத்தில் எவருக்கும் ஒரு கேள்வி எழும். வைத்தால் அணைந்துபோகிற சிகரெட் செய்யக் கூடாதா? பீடி அணைகிறதே! செய்யலாம் என்பதுதான் உண்மை. காகிதத்தில் அங்கங்கே கொஞ்சம் அடர்த்தியான பட்டைகள் வைத்தால், இழுக்காதபோது காற்று குறைந்து நெருப்பு அந்தப் பட்டையோடு நின்றுவிடும். மாசசூசெட்ஸ் காங்கிரஸ் உறுப்பினர் ஜோ மோக்லி, தம் பகுதியில் ஒரு குடும்பம் சிகரெட் தீயில் மாண்டதைத் தொடர்ந்து 1979-லேயே இதற்கு மசோதா கொண்டுவந்தார். 1984-ல் ஆய்வுக் குழு அமைக்கச் சட்டம் வந்தது. 1987-ல் அந்தக் குழு, இப்படிப்பட்ட சிகரெட் செய்வது தொழில்நுட்பத்தில் இயலும் என்று அறிக்கை கொடுத்தது. இருந்தும் நியூயார்க் மாநிலம் முதன்முதலில் அதைக் கட்டாயமாக்கியது 2004 ஜூனில்தான். எல்லா மாநிலங்களும் வர 2011 ஆயிற்று.

நடுவில் என்ன நடந்தது? சிகரெட் கம்பெனிகள், நெருப்பு எங்கள் பொருளில் இல்லை, உங்கள் சோஃபாவில் இருக்கிறது என்ற வாதத்தைத் தூக்கிப் பிடித்தன. தீயணைப்புத் துறை அதிகாரிகளின் அமைப்புகளோடு உறவு வளர்த்து, சிகரெட்டுக்குப் பதிலாகச் சோஃபாவுக்குக் கட்டுப்பாடு வர வேலை செய்தன. 2012-ல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் பழைய உள்ளாவணங்களை வைத்து இதைத் தொடர் கட்டுரைகளாக எழுதியது. கலிபோர்னியா 1975-ல் கொண்டுவந்த விதி, சோஃபாவின் ஃபோம் ஒரு சிறு சுடரை 12 விநாடி தாங்க வேண்டும் என்றது. தாங்க வைக்க ஒரே எளிய வழி, ஃபோமில் இரசாயனம் கலப்பது. ஒரு மாநிலத்து விதிதான் என்றாலும், தனித்தனியாகச் செய்வது கட்டுப்படியாகாது என்று கம்பெனிகள் பல, நாடு முழுவதற்கும் அப்படியே செய்தன. அந்த இரசாயனங்களில் ஒன்று, குழந்தைகளின் இரவு உடையில் இருக்கக் கூடாது என்று 1970களின் கடைசியிலேயே கைவிடப்பட்ட வகை. உடையிலிருந்து போனது சோஃபாவுக்குள் வந்து உட்கார்ந்தது. உடை விஷயத்தில் 1977-ல் எச்சரித்து எழுதியவர்களில் ஒருவர் ஆர்லீன் ப்ளம் என்ற வேதியியலாளர். அடுத்த ஆண்டே பெண்கள் குழு ஒன்றை அன்னபூர்ணா சிகரத்துக்கு அழைத்துப் போனவரும் இவர்தான்! முப்பது ஆண்டுகள் கழித்து அதே இரசாயனத்தைச் சோஃபாவில் பார்த்து மறுபடி போராட வந்தார். 2012-ல் வெளிவந்த ஆய்வொன்றில், சோதித்த 102 அமெரிக்கச் சோஃபாக்களில் 85 சதவீதத்தில் இத்தகைய தீத்தடுப்பு இரசாயனங்கள் இருந்தன.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த 12 விநாடிச் சோதனை சிகரெட்டுக்குப் பொருத்தமானதே இல்லை. சிகரெட் முதலில் கனிய வைப்பது மேல்துணியை. துணி எரியத் தொடங்கிய பிறகு ஃபோமில் என்ன மருந்து இருந்தாலும் பெரிய பயன் இல்லை. கலிபோர்னியா 2013-ல் அந்த விதியை மாற்றி, கனல் துணியைப் பற்றுகிறதா என்று பார்க்கும் சோதனையை வைத்தது. 2020 முதல் புதுச் சோஃபாக்களில் அந்த இரசாயனங்களைக் கலப்பதையே தடை செய்தது. ஆக, சாம்பலைத் தாங்க ஒரு காலத்தில் நாற்காலிக்கு வெளியே ஒரு பித்தளைக் கை நீண்டிருந்தது. பிறகு அந்தப் பொறுப்பையே நாற்காலியின் வயிற்றுக்குள் இரசாயனமாகத் திணித்தார்கள். அந்த ஃபோமிலிருந்து தூசியாக உதிர்ந்து தரைக்கு வந்ததை, தவழ்ந்து விளையாடிய குழந்தை விரலில் தொட்டு வாயில் வைத்தது. பித்தளைக் கை எத்தனையோ மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

விமானத்தில் பாடம் வேறு விதமாக வந்தது. 1973 ஜூலை 11 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் வந்துகொண்டிருந்த வாரிக் நிறுவனத்தின் 820-ஆம் விமானத்தில், பின்பக்கக் கழிப்பறையில் தீ மூண்டது. ஓர்லி நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் முன்னால் வயலில் இறக்கினார்கள். இருந்த 134 பேரில் 123 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் புகையால். குப்பைக் கூடையில் யாரோ போட்ட சிகரெட் துண்டு காரணமாக இருக்கலாம் என்பது விசாரணை கருதிய சாத்தியங்களில் ஒன்று. அதன் பின் அமெரிக்க விமான ஒழுங்குமுறை, கழிப்பறையில் புகைக்கக் கூடாது என்ற பலகையையும் வைக்கச் சொன்னது, கதவின் பக்கத்தில் கண்ணில் படும்படி ஆஷ்ட்ரேயையும் வைக்கச் சொன்னது. விமானம் முழுவதும் புகைக்கத் தடை வந்த பிறகும் அந்த ஆஷ்ட்ரே விதி நீங்கவில்லை. முட்டாள்தனமாகத் தெரியும். யோசித்தால் அதில் ஒரு பெரிய மனசு இருக்கிறது. தடையை மீறுபவன் ஒருவன் இருந்தே தீருவான், மாட்டிக்கொள்ளும் பயத்தில் அவன் துண்டைக் காகிதக் கூடையில் போட்டுவிடக் கூடாது. 2023 மார்ச்சில் லண்டனிலிருந்து மும்பை வந்த விமானத்தில் கழிப்பறைக்குள் புகைத்த பயணி ஒருவர்மேல் இங்கே வழக்குப் பதிவானதை வாசகர்கள் நாளிதழில் பார்த்திருக்கலாம்.

தரையில் நம் சட்டம் நேர் எதிர் வழியில் போனது. அதற்கும் மும்பைதான் தொடக்கம். தென் மும்பையிலிருந்து மக்களவைக்குப் போன முரளி தேவ்ரா, 1999-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். அதே ஆண்டு கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்திருந்தது. 2001 நவம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், ரயில் உள்ளிட்ட பொது வாகனம் ஆகிய இடங்களில் புகைக்கத் தடை போட்டது. புகைக்காதவர் ஏன் மற்றவர் புகையைச் சுவாசிக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. 2003-ல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று நடைமுறைக்கு வந்த விதிகளில் ஒரு சின்ன வரி இருக்கிறது. புகைக்கத் தடையுள்ள பொது இடத்தில் ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் போன்ற எதையும் கொடுத்து வைக்கக் கூடாது. பொறுப்பு அந்த இடத்தின் உரிமையாளருடையது, மேலாளருடையது. ரயில்வே சட்டத்தில் இல்லாத நுட்பம் இது. புகைக்காதே என்று சொல்லும் அதே சுவர் ஆஷ்ட்ரேயை நீட்டக் கூடாது என்பதை, விதி எழுதியவர் புரிந்துகொண்டிருக்கிறார்.

ஒரே பொருள், இரண்டு சட்டம். ஆகாயத்தில் இருந்தே ஆக வேண்டும், தரையில் இருக்கவே கூடாது. இரண்டும் சரி என்பதுதான் என் கட்சி. பறக்கும் விமானத்தில் உடனடி ஆபத்து தீ. தரையில் தினமும் நடக்கும் ஆபத்து, பக்கத்து மேசைக்காரரின் நுரையீரலுக்கு.

இப்போது அந்தத் தாங்கிகள் என்ன ஆயின என்று கேட்டால், பாதி பழைய பித்தளை விலைக்கு எடைக்குப் போய்விட்டன. காரில் மட்டும் சிகரெட் பற்ற வைக்கும் சூட்டுக் குமிழின் துளை வேறு பெயரில் பிழைத்துக்கொண்டது. பல காலம் அதில் செருகித்தான் நாம் மொபைலுக்குச் சார்ஜ் போட்டோம். பழைய அலுவலக நாற்காலிகளில் கைக்கு அடியில் தடவிப் பார்த்தால் சில சமயம் இரண்டு திருகுத் துளை விரலில் தட்டுப்படும். சோர் பஜாரில் போன மழைக்காலத்தில் நான் பார்த்த ஒன்றில் கிண்ணம் இல்லை, பிடியும் கம்பியும் சுழல் ஆணியும் மட்டும். ஆணி இன்னும் 'டக்' என்று நின்றது. விலை கேட்டேன். கடைக்காரர் அதைத் தன் ஸ்டூலில் மாட்டி, தன் மொபைலை அதன்மேல் வைத்துக் காட்டி, "ஸ்டாண்ட் ஹை சாப், எண்ணூறு" என்றார். அறுநூறுக்கு இறங்கினார். நான் ஐந்நூறில் நின்றேன், படியவில்லை.